மூடி வாங்கிய நாள்

பாத்திரக்கடை ஆட்கள் நாலைந்து பேர் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்த கறுப்புக் கார் ஷெட்டு வாசலில் நின்றபோது, கார்பரேட்டர் அக்கா மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்கு முன்னால் குந்தியிருந்து பெட்ரோல் பீய்ச்சும் ஒரு பித்தளை ஜெட்டைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவளுக்கு முதலில் தெரிந்தது வண்டியின் உருண்டை முகப்பு. அடுத்தது இடது விளக்குக்குக் கீழே இருந்த நசுங்கல். நசுங்கலைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கிண்ணத்துக்குள் விட்டெறிந்துவிட்டு எழுந்தாள்.

“இதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க? திருப்பித் தள்ளிட்டுப் போங்க.”

“முதலாளி சொன்னாருக்கா. பின்னாலயே வர்றாரு.”

“உங்க முதலாளி சொன்னா நீங்க கேளுங்க. நான் எதுக்குக் கேக்கணும்?”

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திருப்பித் தள்ளுவதற்கு அவர்கள் உடம்பில் தெம்பு இல்லை. ஒருவன் வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவளும் கொடுத்தாள். கோபம் அவன் மேல் இல்லையே.

கார்பரேட்டர் அக்கா என்ற பெயர் அவளுக்கு விரல்களால் வந்தது. கணவனின் தடித்த விரல் நுழையாத இடத்திலெல்லாம் அவளுடைய ஒல்லி விரல் நுழையும். முடி கனத்துக்குத் துளை உள்ள ஜெட்டைக்கூடக் கழற்றித் துடைத்து மாட்டிவிடும். தெரு அவள் கணவனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது. நடுவழி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். “வண்டிய யாருகிட்ட விட்டிருக்க? நடுவழிகிட்டயா? அப்ப கூடவே ஒரு செருப்பும் எடுத்துக்க, நடந்து வரணும்ல” என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெயர் வரக் காரணம் இந்த வண்டி. அதை ஊரெல்லாம் பரப்பியவர் இந்த வண்டியின் சொந்தக்காரர், கணவனின் கூடப்பிறந்த அண்ணன்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பாத்திரக்கடை முதலாளி. குடும்பத்தில் எல்லோருக்கும் பெரியவர். கையில் வழக்கம்போல ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலுக்கு மூடி இல்லை. வாய்மேல் பாலிதீன் கவரை இரண்டாக மடித்துப் போட்டு, சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி அதன்மேல் மாட்டியிருந்தார். மூடி தொலைந்துபோன எதற்கும் அவர் இன்னொரு மூடி வாங்கியதில்லை. அவர் வீட்டில் ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு, பிளாஸ்க், எல்லாமே கவரும் டியூப் வளையமும்தான். கடையிலோ பானை வாங்கினால் மூடிக்குத் தனி விலை.

“தம்பி இல்லையாம்மா?”

பல வருஷம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வேன் ஒன்றின் அடியிலிருந்து கணவன் முதுகால் நகர்ந்து வெளியே வந்தான். எழுந்து, கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வாங்கண்ணே.”

“பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். சேதி வந்திருக்கும்.”

“வந்துச்சு.”

“உங்களக் கூப்பிடக் கூடாதுன்னு இல்ல. சூழ்நிலை.” பெரியவர் தொண்டையைச் செருமினார். “சம்பந்திக்குப் பழைய வண்டின்னா உயிரு. பொண்ணு எங்கப்பா வண்டியிலதான் மண்டபத்துக்கு வரும்னு நானும் வாயக் குடுத்துட்டேன். அவர் அந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கெல்லாம் சொல்லி வச்சுட்டார். வண்டி என்னடான்னா கொஞ்ச தூரம் ஓடுது, நிக்குது. பம்ப்பு புதுசு போட்டாச்சு, காயில் மாத்தியாச்சு, கார்பரேட்டர் ரெண்டு இடத்துல பாத்தாச்சு. பெரிய பெரிய கேரேஜெல்லாம் கைய விரிச்சுட்டான்.”

“அதனால நடுவழிகிட்ட வந்துட்டீங்களாக்கும்” என்றாள் அவள்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். “அப்பா வண்டிடா. அவருக்குப் பண்ண வேண்டியத நீ பண்ணல. இதையாவது பண்ணு.”

சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். உதவி கேட்டு வந்த இடத்திலும் ஊசி ஏற்றிவிட்டுப் போகிற மனுஷன். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பானட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

“திறக்காதீங்க.”

“பாத்துட்டு மூடிடறேன்.”

“உங்களுக்கு மானம் ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“வண்டிக்கு அதெல்லாம் தெரியுமா?” என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

அந்த மெதுவான குரல்தான் அவளைக் கொல்லும். கத்தினால்கூடத் தேவலை. அப்பா செத்ததிலிருந்து அந்த மனுஷன் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, உயர்த்துவதற்குத் தனக்கு உரிமை போய்விட்டது என்று நினைப்பவன்போல.

அவர் செத்த அன்றைக்கு நல்ல மழை. மத்தியானம் மாமனாருக்கு நெஞ்சு அடைத்தது. அப்போது எல்லோரும் ஒரே வீடு. வீட்டின் முன்பாதி ஒர்க்‌ஷாப். பெரியவர் கடையில் இருந்தார். கணவன் இந்த வண்டியை எடுத்தான், அவள் பின்சீட்டில் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மரம் அறுக்கிற மரவாடியின் வாசலில் வண்டி நின்றது. மழையில் நனைந்துகொண்டே அவன் கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினான், வண்டி கிளம்பியது. பாலத்தில் மறுபடி நின்றது. மறுபடி கழற்றி ஊதினான், கிளம்பியது. மூடிக் கிடந்த மில்லு கேட்டுக்கு முன்னால் மூன்றாவது முறை நின்றபோது அவள் மடியில் இருந்த தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஆஸ்பத்திரியின் விளக்கு அங்கிருந்து பார்த்தாலே தெரியும்.

பெரியவர் பிணத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, வண்டியை யார் பார்த்தது என்பதுதான். வந்திருந்த சனம் அத்தனைக்கும் முன்னால் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “அப்பனைக் கொன்ன கை. இந்தக் கை இனிமே இந்த வீட்டுல ஸ்பானர் பிடிக்கக் கூடாது.” அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் பாத்திரக் குடோன் ஆனது. இவர்கள் இந்த ஷெட்டுக்கு வந்தார்கள். கறுப்பு வண்டி குடோனுக்குள் தார்ப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்க்கவே மனசு தாங்கவில்லை என்று பெரியவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது கணவன் சாவியைத் திருகினான். வண்டி முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஷெட்டு அதிர ஓடியது. அவள் வேண்டா வெறுப்பாக ஒரு தூணில் சாய்ந்து நின்று கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? சத்தத்தில் குற்றமே இல்லை. நல்ல மிஷின். கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது, இருமியது, நின்றது.

“பம்ப்புக் கிண்ணத்தப் பாரு” என்றான் அவன்.

பம்ப்புக்கு அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ததும்பி நிற்க வேண்டும். காலியாக இருந்தது. அவள் தன்னை அறியாமல் கிட்டே வந்துவிட்டாள்.

“பெட்ரோல் வரல்ல. அப்ப லைன் அடைப்பு.”

“அதான் தோணுது.”

“அப்ப கார்பரேட்டர் இல்ல.”

“இல்ல.”

“அன்னிக்கும் கார்பரேட்டர் இல்ல.”

அவன் பம்ப்பிலிருந்து பைப்பைக் கழற்றினான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முன்னாலிருந்து பின்னால் டேங்க் வரைக்கும் போகும் செம்புக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். எங்கும் நசுங்கல் இல்லை, கசிவு இல்லை. குழாயின் முனையை வாயில் வைத்து ஊதினான். பின்னால் டேங்குக்குள் குளுகுளுவென்று கொப்புளம் விடுகிற சத்தம் கேட்டது.

“காத்து போகுதே! அடைப்பு இருந்தா எப்படிப் போகும்?”

முனையைக் கீழே இறக்கி, வாயால் உறிஞ்சி விட்டு, ஒரு பாட்டிலில் பிடித்தான். பெட்ரோல் நன்றாக விழுந்தது. அவன் உதட்டைத் துடைத்துத் துப்பினான். கம்பிபோல விழுந்துகொண்டே இருந்த தாரை மெலிந்து நூலானது, நூல் சொட்டானது, நின்றது. டேங்க் பாதிக்கு மேல் நிறைந்துதான் இருந்தது. இருவரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையும் தொடாமல் இருக்கும்போதே, கொஞ்ச நேரத்தில், மறுபடி சொட்டு விழ ஆரம்பித்தது.

“பேய் புகுந்த வண்டி” என்றாள் அவள். “உங்க அண்ணன் வீட்டுல இருந்தா எது உருப்படும்?”

சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அவன் வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். ஒரு கையில் சோறும் ஒரு கையில் குழாயுமாகக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க. ஒண்ணு சொல்லவா? இப்படியே குடுத்துடுங்க. ஓடுதுன்னு சொல்லிக் குடுங்க. நாளைக்கு மண்டபத்துக்குப் போற வழியில, சம்பந்தி சொந்தமெல்லாம் பாக்க, நடுரோட்டுல நிக்கட்டும். பட்டுப்புடவையோட பொண்ணு நிக்கட்டும். அவருக்குத் தெரியட்டும்.”

“அது சின்னப் பொண்ணு. அது என்ன பண்ணிச்சு?”

அவளுக்கும் அந்தப் பெண் கண்ணுக்குள் வந்தாள். பல் விழுந்த வாயோடு சித்தி சித்தி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் திரிந்த குட்டி. அதை நினைக்க மனசுக்கு இடம் கொடுக்காமல், தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு டிரம் உண்டு, ஸ்பேர் கழுவுகிற தண்ணீருக்கு. குழாய் வசதி இல்லாததால் ஒரு ரப்பர் டியூப்பை உள்ளே விட்டு, வாயால் உறிஞ்சி, பக்கெட்டில் விடுவாள். அன்றும் உறிஞ்சிவிட்டாள். தண்ணீர் வந்தது, மெலிந்தது, நின்றது. சலித்துக்கொண்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். சோப்புத்தூள் கவர் ஒன்று தண்ணீருக்குள் மிதந்துபோய் டியூப்பின் வாயில் அப்பிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த நுனியை விட்டுவிட்டாள். இழுப்பு இல்லை என்றதும் கவர் தானாகவே டியூப்பை விட்டு விலகி, ஒன்றும் தெரியாததுபோல் மிதந்துபோனது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு மறுபடி உறிஞ்சிவிட்டாள். மறுபடி அப்பியது. மறுபடி விட்டாள். மறுபடி விலகியது.

“என்னங்க!” ஈரக் கையோடு ஓடிவந்தாள். “லைன்ல ஒண்ணும் இல்ல. டேங்குக்குள்ள ஏதோ மிதக்குது. இழுக்கும்போது வந்து ஒட்டுது, நின்னா விழுந்துடுது!”

அவன் கண் ஒரு கணம் எங்கோ போய் வந்தது.

“நின்னா விழுந்துடுது” என்று அவனும் சொன்னான்.

“ஆமா. அன்னிக்கு நீங்க கழட்டி ஊதினதால வண்டி கிளம்பல. நின்னதால கிளம்புச்சு. நீங்க கார்பரேட்டரோட மல்லுக்கட்டின நேரத்துல அது தானா விழுந்திருக்கு. நீங்க சரி பண்ணிட்டதா நெனச்சீங்க, மறுபடி நின்னதும் சரியாப் பண்ணலைன்னு நெனச்சீங்க.”

அவன் ஜாக்கியை எடுத்தான். இரண்டு பேருமாக டேங்கின் பட்டைகளைக் கழற்றி, பெட்ரோலைக் கேன்களில் வடித்து, டேங்கை இறக்கிப் பழைய சாக்கின் மேல் வைத்தார்கள். பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவையின் வட்ட மூடியை அவன் திருகிக் கழற்றினான். அந்தத் துளைக்குள் அவன் கை போகாது. அவள் கை போனது. துருவையும் கசடையும் துழாவிக்கொண்டு போன விரல்களில் வழுவழுவென்று ஒன்று தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள்.

மஞ்சள் பாரித்துப்போன பாலிதீன் கவர். இரண்டாக மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. அதைச் சுற்றிப் பெட்ரோலில் ஊறி ஊதிப் புடைத்து, பிசுபிசுத்த மண்புழுபோல ஒரு சைக்கிள் டியூப் வளையம்.

யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊரில் வேறு எவன் அப்படிக் கட்டுவான்? டேங்கின் மூடி தொலைந்துபோனபோது புதுசு வாங்கச் சொல்லித் தம்பி எத்தனையோ தடவை சொன்னான். ‘கவர் போதும்டா, காத்துகூடப் போகாது’ என்றார் அவர். காற்றுகூடப் போகாததால்தான் வினை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் இழுவை ஏறி, கவரை வளையத்தோடு உள்ளே விழுங்கியிருக்கிறது.

கணவன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். அத்தனை வருஷமும் ஒவ்வொரு வண்டியையும் முடித்த பிறகு மூன்று தடவை ஓட்டிப் பார்க்கிற மனுஷன். தூக்கத்தில், இன்னும் நல்லா ஊதியிருக்கணும் என்று முனகுகிற மனுஷன். அழட்டும் என்று விட்டுவிட்டு, கவரை ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்து வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்கூட இல்லை அது. கை கால் எல்லாம் லேசாகிவிட்டது.

“சாயங்காலம் அவரை வரச் சொல்லுங்க. ஓட்டிக் காட்டறோம்னு சொல்லுங்க.”

“கவரைக் குடுத்துட்டு விஷயத்தச் சொல்லிடுவோம். போதும்.”

“போதாது. எனக்குப் போதாது. என் மடியில செத்தாரு உங்கப்பா. நான் சொல்ற ரோட்டுல ஓட்டுங்க, நான் சொல்ற இடத்துல சாவியத் திருப்புங்க. வாயத் திறக்காதீங்க.”

டேங்கைக் கழுவி மாட்டினார்கள். சாயங்காலம் பெரியவர் வந்தார், கையில் அதே கவர் கட்டின பாட்டிலோடு. முன்கதவைத் திறக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

“பின்னால உக்காருங்க மாமா. பொண்ணு உக்கார்ற இடம் எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?”

அவர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் முன்னால் ஏறினாள். வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. பெரியவருக்கு வாயெல்லாம் பல்.

“பரவாயில்லையே! அப்பா ஓட்டின மாதிரியே இருக்கு.”

மரவாடி வாசல் வந்ததும் அவள் கணவனின் முழங்காலை விரலால் தட்டினாள். அவன் சாவியைத் திருப்பினான். வண்டி உருண்டு நின்றது.

“என்னடா?”

மரவாடிக்குள் ரம்பம் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குக் கணவன் மழையில் நின்ற நேரத்தை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அத்தனை நேரமும் காக்க வைத்தாள். பிறகு மறுபடி தட்டினாள். வண்டி கிளம்பியது.

பாலத்தில் மறுபடி நின்றது. இப்போது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னடா வேலை பாத்திருக்க? நாளைக்கு என் மானம் போயிடும்டா! கீழ எறங்கிப் பாரு!”

“கொஞ்சம் பொறுங்க மாமா, கிளம்பும்.”

“என்னத்த பொறுக்கறது? நெஞ்சு படபடங்குது எனக்கு.”

“அப்படியா?” என்றாள் அவள். “அவருக்கும் இங்க வரும்போது அப்படித்தான் இருந்துச்சு. தண்ணி கேட்டாரு.”

எந்த ரோடு இது என்பது அப்போதுதான் பெரியவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு பார்க்காமல் இருந்தார். ஆனால் மில்லு கேட்டுக்கு முன்னால் மூன்றாவது முறை நின்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அன்னிக்கும் இதே கதைதான்! அன்னிக்கே நீ ஒழுங்காப் பாத்திருந்தா அப்பா இன்னிக்கு...”

“வண்டி நிக்கல மாமா.” அவள் பின்னால் திரும்பினாள். “நான் நிப்பாட்டச் சொன்னேன். மூணு இடத்துலயும் நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். இனிமே இந்த வண்டி தானா நிக்காது. ஏன் தெரியுமா?”

டப்பாவைத் திறந்து அவர் மடியில் கவிழ்த்தாள். கவர் வேட்டியில் விழுந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் வாடை வண்டிக்குள் பரவியது. பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. வலது கையில் பாட்டில், பாட்டில் வாயில் கவர், மடியில் கவர்.

கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. அந்த முகத்தில் பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை. மத்தியானம் டேங்க் கழற்றும்போது அதன்மேல் ஒரு பளபளப்பான பித்தளை மூடி இருந்தது அவள் நினைவுக்கு வந்தது.

“மாமா, டேங்குக்கு மூடி எப்ப வாங்கினீங்க?”

அவர் வேட்டியில் ஒட்டிய கவரைப் பிய்க்கப் பார்த்தார்.

“வாழ்க்கையில ஒரு மூடி வாங்காத மனுஷன். அத மட்டும் எப்ப வாங்கினீங்க?”

கவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்பாவ எடுத்த மறுநாள்.”

கணவன் முதன்முறையாகத் திரும்பினான். “அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியாதுடா. அன்னிக்குக் காலையில பாக்கும்போது கவரக் காணோம். காத்துல போயிருக்கும்னு வேற ஒண்ணு கட்டினேன். அப்புறம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான்... உள்ள போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம்.”

“சந்தேகம் வந்ததும் எங்கிட்ட சொன்னியா?”

“எப்படிடா சொல்றது? அதுக்குள்ள எல்லார் முன்னாடியும் உன்னச் சொல்லிட்டேன். சொன்னத எப்படித் திருப்பி எடுக்கறது?”

கணவன் வாயிலிருந்து ‘நீ’ வந்ததை அவள் கவனித்தாள். அண்ணனை நீங்க என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. கணவன் கதவைத் திறந்து இறங்கினான். பின்கதவைத் திறந்து, அண்ணன் மடியிலிருந்த கவரை வளையத்தோடு எடுத்தான். வண்டியின் பின்பக்கம் போனான். பித்தளை மூடி திருகப்படுகிற சத்தம் கேட்டது. என்ன செய்கிறான் என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள், கவரைச் சுருட்டி டேங்கின் வாயில் வைத்து, ஸ்குரூடிரைவரால் குத்தி உள்ளே தள்ளிவிட்டு மூடியை இறுக்கிவிட்டான். வந்து சாவியை அண்ணன் கையில் வைத்தான்.

“நீ குடுத்த மாதிரியே திருப்பிக் குடுத்துட்டேன். ஓட்டிட்டுப் போ.”

“டேய்! நாளைக்குக் கல்யாணம்டா!”

“நிக்கும். நின்னா கொஞ்ச நேரம் காத்திரு, தானா விழும். நாங்க காத்திருந்தோம்ல? யாராவது என்னன்னு கேப்பாங்க. கேட்டா நீயே சொல்லு. இல்லேன்னா அப்படியே மண்டபம் வரைக்கும் போ.”

குரல் உயரவில்லை. ஆனால் அது பழைய மெதுவான குரலும் இல்லை. அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான். அவளும் இறங்கிக் கூடவே நடந்தாள். மத்தியானம் அவள் கேட்டது இதைத்தான். நடக்கும்போது பட்டுப்புடவையோடு ரோட்டோரம் நிற்கும் அந்தக் குட்டியும் கண்ணில் வந்து போனாள். வாயைத் திறக்காமல் நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டி அவர்களைக் கடந்து போனது. பெரியவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே அது நிற்பதும், பிறகு கிளம்புவதும் தூரத்தில் தெரிந்தது.

அவர்கள் மரவாடியை நெருங்கியபோது வண்டி அதன் வாசலில் நின்றிருந்தது. ரம்பம் நின்றுவிட்டது. உடம்பெல்லாம் மரத்தூளோடு ஆட்கள் வெளியே வந்து வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மரவாடிக்காரர் பானட்டில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன முதலாளி, நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு? யாருகிட்ட விட்டீங்க வண்டிய? நடுவழிகிட்டயா?”

ஆட்கள் சிரித்தார்கள். அவள் கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ரோட்டோரத்திலேயே நின்று பார்த்தாள். பெரியவர் இவர்களைப் பார்த்துவிட்டார். ஆட்களைப் பார்த்தார். மறுபடி இவர்களைப் பார்த்தார். இப்போதுகூட ஒரு ஆமாம் போட்டால் போதும். நம்புவதற்கு அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள்.

“இல்லப்பா” என்றார் பெரியவர். “அவன் நல்லாத்தான் பாத்தான். இது நான் பண்ணினது.”

“நீங்களா? நீங்க என்ன பண்ணினீங்க?”

“டேங்குக்கு மூடி வாங்காம கவரக் கட்டினேன். அது உள்ள போயிருச்சு.” கையிலிருந்த பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இப்ப இல்ல. அன்னிக்கே. எங்கப்பாவ ஏத்திட்டுப் போனான் பாரு, அன்னிக்கே உள்ளதான் இருந்திருக்கு. அவன்மேல தப்பில்ல. நான்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மரவாடிக்காரர் பானட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒருவன் ரோட்டோரம் நின்ற இவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். நாளைக் காலைக்குள் இது ஊரெல்லாம் போய்விடும். டீக்கடைக்கு அதற்கு முன்பே போய்விடும்.

கணவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே கூட்டத்தை நோக்கி நடந்தான்.

“நீளமா ஒரு கம்பி இருந்தா குடுங்க. அப்படியே ரெண்டு கேன். டேங்கக் கழட்டி எடுத்துடலாம்.” திரும்பி அவளைக் கூப்பிட்டான். “வா. என் கை உள்ள போகாது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரவாடி வாசலில் கிடந்த கட்டையின் மேல் நிதானமாக உட்கார்ந்தாள்.

“வர்றேன்” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”